கொக்கு போட்ட பூ

வா தம்பி, உக்காரு. அங்க வேணாம், இப்பிடி வா. அந்தக் கருவேல மரத்து நெழல் ஜோராத்தான் இருக்கும். ஆனா மேல பாரு, நாலு குடும்பம் குடித்தனம் பண்ணுது. நேத்து ஒருத்தர் வெள்ளைச் சட்டையோட அங்கதான் நின்னாரு. போவசொல்ல முதுகுல புள்ளிக்கோலம்.

இன்னாது, கண்ணு செவந்து கெடக்குது? ராத்திரி தூங்கலியா? நான் பாடின ஏற்றப்பாட்டைப் போன்ல திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டியா? கேட்டதோட வுடாம உட்பொருள் வேற கண்டுபுடிச்சிட்டியா? எங்க, நோட்டைக் குடு. கண்ணாடி கொண்டாரல, நீயே படி.

இருபத்தேழுங்கிற எண்ணு பாட்டுல ரெண்டு தரம் வருது. மத்த எண்ணெல்லாம் ஒரு தரம்தான். இருபத்தேழுன்னா நட்சத்திரம். ஏற்றமரம் ஏறி எறங்கறது நெலா வளந்து தேயறது. கெணறு பாதாளம், சால் உயிரு. அடேயப்பா! அடியில செவப்பு மையில கோடு வேற. அறுவது வருசமா பாடிக்கினு இருக்கேன், எனக்கே இது தெரியாமப் போச்சே.

அழிக்காதே, இருக்கட்டும். எழுதின தாளு ஒங்கிட்ட சோறா கேக்கப் போவுது? இருபத்தேழுக்கு அப்பால வர்றேன். மொதல்ல டீ சொல்லு, எனக்குச் சக்கரை தூக்கலா.

படிச்ச புள்ளைங்க மேல எனக்குத் தனி மரியாதை உண்டு தம்பி. படிக்காதவன் பானையைப் பாத்தா பானைன்னு நெனச்சு தண்ணி மொண்டு குடிச்சிட்டுப் போயிடுவான். நீங்க 'இது பானை இல்ல, உடம்பு'ன்னு சொல்லிட்டு தாகத்தோட நிப்பீங்க.

இதுல தப்பு ஒங்களுது மட்டும் இல்ல. பாதித் தப்பு கடுவெளிச் சித்தருது. நந்தவனத்து ஆண்டி பாட்டு இருக்குதே, அது நெசமாவே பூட்டு போட்ட பாட்டு. ஆண்டி குயவனைக் கெஞ்சி ஒரு தோண்டி வாங்கறான், கூத்தாடிப் போட்டு ஒடைக்கிறான். சித்தர் பூட்டினாரே ஒழிய சாவியையும் பக்கத்துலயே தொங்க வுட்டுட்டாரு. கெஞ்சினது நாலும் ஆறும் சேந்த மாசம்ங்கிறாரு. பத்து மாசம்னா புள்ளை பெத்தவளுக்கு அர்த்தம் சொல்லணுமா? தோண்டி உடம்புதான், ஒத்துக்கறேன். அவரு எழுதினதே அதுக்குத்தான். ஆனா அந்த ஒரு சாவியை எடுத்துக்கினு ஊர்ல இருக்கிற எல்லாக் கதவுலயும் வுட்டுத் திருப்பினா இன்னா ஆவும்? கதவு தொறக்காது, நாய்தான் கொலைக்கும்.

எங்க ஆயா ஒரு பாட்டு பாடும். தண்ணிக்குப் போன பொண்ணு குடத்தை ஒடைச்சிட்டா, ஊட்டுக்குப் போவ பயமா இருக்குதுன்னு. நீ கேட்டிருந்தா அதையும் உடம்புன்னு எழுதியிருப்பே. தம்பி, அது மண்ணுல செஞ்ச குடம். பயந்தது மாமியாருக்கு. நீ கேக்கற உட்பொருளும் அதுக்குள்ள இருக்குது, ஆனா சாமி பூதம் எதுவும் கெடையாது. கெட்டிக் குடம் தானா எப்பிடி ஒடையும்? ஏரிக்கரையில எவங்கூடவோ நின்னு பேசினதுல நேரம் போனதே தெரியல. இடுப்புலேருந்து நழுவிச்சு. அதை நேராச் சொல்ல முடியுமா? பாட்டாப் பாடினா பழி குடத்து மேல போயிடும்.

இப்பிடிப் பேசறது ஒங்க ஆளுங்களுக்கும் ரொம்ப நாளாத் தெரியும். இங்க ஒரு தமிழ் வாத்தியார் இருந்தாரு, நாரையைப் பாத்தா பாட்டு சொல்லுவாரு. குறுந்தொகையில 25ஆவது பாட்டாம், கபிலர் பாடினது. ஒருத்தன் ஒருத்தியோட சேந்துட்டுப் போயிட்டான். சாட்சி ஆரு? ஆருமே இல்ல. ஓடற தண்ணியில ஆரல் மீன் வருமான்னு பாத்துக்கினு நின்ன ஒரு குருகுதான் இருந்துது. பாவம், அது மீனைப் பாக்குமா, இவங்களைப் பாக்குமா? வாத்தியார் சொல்லிட்டு, அந்தக் குருகு வேற ஆரும் இல்ல, தன் வயித்தையே பாத்துக்கினு நின்ன அந்தப் பயலேதான்னு கண்ணடிப்பாரு. அதுக்கு உள்ளுறை, இறைச்சின்னு தொல்காப்பியத்துல பேரெல்லாம் இருக்குதாம். எங்க ஆயாவுக்கு அந்தப் பேரு தெரியாது. குடத்தைப் போட்டு ஒடைக்கத் தெரியும்.

அதனால உட்பொருளே இல்லைன்னு நான் சொல்லல. நீ தேடற எடம்தான் கோளாறு. வார்த்தைக்கு அடியில கடப்பாறை போட்டுத் தோண்டிக்கினு இருக்கே. பாட்டு பாடசொல்ல பக்கத்து ரூம்ல ஆரு இருந்தாங்கன்னு கேக்கவே மாட்டேங்கிறே.

தாலாட்டையே எடுத்துக்க. புள்ளை அழுவுது. ஆரு அடிச்சாங்கன்னு ஆயி ஒவ்வொரு உறவாக் கூப்பிட்டு விசாரிப்பா. மாமனா, அத்தையா, பாட்டியான்னு போவும் பட்டியல். மூணு மாசத்துக் கொழந்தை, அதை ஆரு அடிக்கப் போறாங்க? அதுக்கு இன்னா பாட்டு புரியும்? திண்ணையில உக்காந்து வெத்தலை இடிக்கிற மாமியாருக்குப் புரியும். இடிக்கிற சத்தம் சட்டுனு நின்னுதுன்னா சரியான எடத்துல போய்ச் சேந்துதுன்னு அர்த்தம். தாய்மாமன் தங்கக் காப்பு கொண்டாருவான், வெள்ளித் தொட்டில் கொண்டாருவான்னு பாடறது? போன மாசம் பொறந்த ஊட்டுக்காரன் வெறுங்கையோட வந்துட்டுப் போனான்னு அர்த்தம். புள்ளை தூங்கிடும். மத்தவங்களுக்குத்தான் தூக்கம் வராது.

நீ காலேஜுல இதுக்குத் தாய்ப்பாசம்னு தலைப்பு போட்டிருப்பே. பாசமும் இருக்குது, இல்லாமப் போவுமா.

வேடந்தாங்கல்ங்கிற எங்க ஊரு பேருக்கும் வந்த ஒடனே அர்த்தம் சொன்னியே, வேடன் வந்து தங்கின எடம்னு. இங்க வர்றவங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க. நாங்களும் தலையாட்டி வெக்கிறோம், டீக்கடை ஓடணும்ல. வேடனை வேணும்னா வெச்சுக்க. ஆனா எங்க பக்கத்துல தாங்கல்னா சின்ன ஏரி தம்பி, மழைத்தண்ணியத் தாங்கி நிக்கிற எடம். பட்டணத்துல பழவந்தாங்கல், அய்யப்பந்தாங்கல்னு பஸ்ஸுல போறியே, அதெல்லாம் இன்னா? இப்ப அங்க தண்ணி நிக்குதோ இல்லியோ, வண்டி நிக்குது.

நீ பட்டணத்துப் புள்ளைன்னாலும் சின்ன வயசுல கொக்குகிட்ட பூ கேட்டிருப்பே. கேட்டதில்லியா? சாயங்காலம் கொக்குக் கூட்டம் மேல பறக்கசொல்ல பசங்க நகத்தோட நகத்தைத் தேச்சுக்கினு, பூப் போடச் சொல்லிக் கத்திப் பாடுவாங்க. மறுநாள் நகத்துல வெள்ளையா ஒரு புள்ளி இருந்தா கொக்கு பூப் போட்டுதுன்னு தெருவெல்லாம் காட்டிக்கினு ஓடுவோம். தமிழ்நாடு பூரா இருக்கிற ஆட்டம்தான். ஆனா வேடந்தாங்கல்ல மட்டும் இதுக்கு ஒரு தனி உரை இருக்குது. எழுதிக்க, இது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது.

கொக்கு போடற பூ இன்னாது? வெள்ளையா இருக்கும், மேலேருந்து வுழும், ஏரித்தண்ணியில கலக்கும். ஆமா, அதேதான். மூக்கைப் பொத்தாதே. ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டி ஏரி ரொம்பினா ஆயிரக்கணக்குல வந்து எறங்குதுங்க. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, பாம்புத்தாரா, கரண்டிமூக்கு, இன்னும் எத்தனையோ. தண்ணிக்குள்ள நிக்கிற கடப்ப மரத்துல கூடு கட்டுது. குஞ்சு பொரிச்சு மாசிப் பங்குனி வரைக்கும் இங்கேயே வாசம். அத்தினி வயிறும் கழிக்கிறது ஏரியில வுழுது. அந்தத் தண்ணி மதகு வழியா வயலுக்குப் போவுது. உரக்கடைக்காரன் மூட்டை கட்டி விக்கிற சமாச்சாரத்தை இங்க வானத்துலேருந்து ஓசியா எறக்குறாங்க. நத்தைகுத்தி வயல்ல எறங்கி நத்தையப் பொறுக்கித் தின்னுட்டும் போவுது, அதுக்கும் கூலி கெடையாது. பசங்க நகத்துல பூ கேட்டாங்க, பெரியவங்க நெல்லுல கேட்டாங்க.

சிரிக்காதே. எங்க பாட்டனுக்குப் பாட்டன் இதைச் சொல்லித்தான் கும்பினிக்காரன் கையில காகிதம் வாங்கினான். 1790கள்ல வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க துப்பாக்கி எடுத்துக்கினு வந்து ஏரியில பறவையச் சுட்டுக்கினு திரிஞ்சாங்க. ஊரு போயி கலெக்டர் லியோனல் பிளேஸ் தொரைகிட்ட அழுதுது. சுடக்கூடாதுன்னு கவுல் எழுதிக் குடுத்தாரு. 1858ல அந்த உரிமையை இன்னொரு தரம் உறுதிப்படுத்தி வாங்கினாங்க. 1936ல சரணாலயம், 1972ல சட்டம், 2022ல ராம்சர் பட்டியல்னு அரசாங்கமெல்லாம் அப்பால ஒண்ணொண்ணா வந்து சேந்தது. நாட்டுலயே ரொம்பப் பழைய பறவைச் சரணாலயம்னு பலகை வெச்சிருக்காங்க. வெக்கட்டும். வேட்டையாடறவன் பேரை வெச்சிக்கினு வேட்டையத் தடுத்த ஊரு, கொஞ்சம் பெருமைப்பட்டா இன்னா?

தொரைகிட்ட நம்ம ஆளுங்க கொக்கோட அழகைப் பத்திப் பேசியிருப்பாங்களா? வெளைச்சல் கொறைஞ்சா கிஸ்தி கொறையும்னு சொல்லியிருப்பாங்கன்னு நான் நெனைக்கிறேன். தொரைக்குப் புரியற மொழி அதுதானே. அவரு மண்டையில வரி, இவங்க மண்டையில நெல்லு, நடுவுல கொக்கு பொழைச்சுது.

அதே பிளேஸ் தொரைதான் மதுராந்தகத்துக் கதையிலயும் வர்றாரு, தெரியுமா? மழை கொட்டுது, ஏரி ஒடையற மாதிரி தளும்புது. தொரை கரைக்குப் போயிப் பாக்கறாரு. ரெண்டு பேரு வில்லும் அம்புமா நின்னு கரையைக் காக்கறாங்க, ராமரும் லட்சுமணரும். கரை ஒடையல. தொரை தாயார் சன்னதியக் கட்டிக் குடுத்தாரு. அவரு பேரு இன்னும் அங்க கல்லுல இருக்குது. ஏரி காத்த ராமர்னு பேரு வந்துது. ராமர் நின்னதுல எனக்குச் சந்தேகமே கெடையாது, கையெடுத்துக் கும்புடறேன். ஆனா அந்த மழையில இடுப்பளவு சேத்துல நின்னு கரைக்கு மண்ணு வெட்டிப் போட்டவன் எவனாவது இருந்திருப்பான்ல? அவன் பேரு கதையில வரல. நீ உட்பொருள் தேடறவனாச்சே, அவனைத் தேடு.

மாமல்லபுரம் போனியா? அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துல ஒத்தக் கால்ல நிக்கிறது அருச்சுனனா பகீரதனான்னு படிச்சவங்க இன்னும் சண்டை போட்டுக்கினு இருக்காங்க. நான் போனா நேரா பூனைகிட்டத்தான் போவேன். கையை மேல தூக்கிக்கினு அதுவும் தவம் பண்ணுது, சுத்தி எலிங்க. எப்பேர்ப்பட்ட ராசா காசுல செதுக்கினாலும் செதுக்கினவன் தன் சிரிப்பை ஒரு மூலையில ஒளிச்சு வெச்சிட்டுப் போயிருக்கான். நம்ம பாட்டும் அதே சாதி. கொக்கு தவம், பூனை தவம் பாக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் வெளங்கும்.

சரி, இப்ப ஏற்றத்துக்கு வர்றேன். ஏற்றம் பாத்திருக்கியா? படத்துல பாத்தியா? படத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கும். கெணத்து மேட்டுல ஒரு கால் நட்டு, அதுமேல நீட்ட மரம். மரத்துக்கு ஒரு முனையில மூங்கில் கழி, கழிக்குக் கீழ சால். மரத்து மேல ஒருத்தன், இல்லேன்னா ரெண்டு பேரு, முன்னுக்கும் பின்னுக்கும் நடப்பான். அவன் நடந்தா மரம் சாயும், சால் எறங்கும், ஏறும். கெணத்து ஓரத்துல ஒருத்தன் சாலைப் புடிச்சு வாய்க்கால்ல சாய்ப்பான். கால் ஒரு விரக்கடை தப்பினா கெணத்துக்குள்ள. அதுக்குத்தான் பாட்டு. பாட்டு இல்லேன்னா மூணு பேரு காலும் கையும் ஒண்ணு சேராது. ராகம் தாளம்னு நீ எழுதறியே, அது வுழுந்து சாவாம இருக்கிறதுக்குப் போட்ட கைப்புடி.

கம்பர் கதை தெரியுமில்ல? விடியக்கருக்கல்ல ஏற்றம் எறைக்கிறவன் பாடறான். மூங்கில் எலை, அதுமேல பனித்துளி. அவ்வளவுதான் அவரு காதுல வுழுந்துது. அதோட அவன் நிறுத்திட்டுப் போயிட்டான். அடுத்த அடி இன்னாவா இருக்கும்னு கம்பர் ராத்திரி பூரா ஒன்ன மாதிரியே கண்ணு செவந்து கெடந்தாராம். மறுநாள் வந்து நின்னு கேட்டாரு. சூரியன் வந்து அந்தத் துளியை எடுத்துக்கறான்னு பாடி முடிச்சான். ராமாயணம் பாடினவரே அசந்து போயிட்டாராம். கதைதான், ஆனாலும் பாரு, கம்பருக்குத் தோணாதது இவனுக்கு எப்பிடித் தோணுச்சு? கம்பர் மேட்டுல நின்னாரு, இவன் மரத்து மேல நின்னான். அவன் காலுக்குக் கீழ மூங்கில் கழி, கழி முனையில தண்ணி. பனித்துளியச் சூரியன் மேல எறைக்கிறான், கெணத்தை நான் மேல எறைக்கிறேன். ரெண்டு பேருக்கும் விடியக்காலையில ஒரே வேலை. சூரியனுக்குக் கூலி ஆரு குடுக்கறாங்கன்னு அவன் கேக்கல, அது மட்டும்தான் பாக்கி. இதை நான் சொன்னேன்னே எழுதிக்க, வாத்தியார் சொன்னாருன்னு எழுதாதே.

1958ல தஞ்சாவூர் சரசுவதி மகால்ல 'மலையருவி'ன்னு பெரிய புத்தகம் போட்டாங்கன்னு நீ சொன்னியே, பெர்சி மாக்வின்னு ஒரு ஐ.சி.எஸ். தொரை சேத்தது, கி.வா. ஜகந்நாதன் பதிப்பிச்சது. நல்ல மனுசங்க. வரி வாங்க வந்த உத்தியோகத்துல பாட்டு வாங்கிக்கினு போனாரே அந்தத் தொரை, அவரு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அவங்கல்லாம் எழுதி வெக்கலேன்னா இந்நேரம் பாதிப் பாட்டு மண்ணுக்குள்ள. ஆனா தாளுல எறங்கசொல்ல கெணறு பின்னால நின்னுடுது, பங்காளியும் நின்னுடறான். அப்பால மோட்டார் வந்துது, மிச்சமும் போச்சு. மோட்டாருக்கு ஒரே பாட்டுதான், அதுவும் கரண்டு இருந்தா.

பங்காளின்னேனே, அவனைச் சொல்றேன். ஏற்றப்பாட்டு புள்ளையாரைக் கும்புட்டு ஆரம்பிக்கும், அப்பால ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சாலை எண்ணிக்கினே போவும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அடி, சாமியோ பூவோ மாமன் மவளோ எதையாவது சேத்துக்குவோம். எண்ணுதான் முக்கியம், சாமி அதுக்குத் தொணை. ஏன் எண்ணணும்? கெணறு பொது தம்பி. எங்க நைனாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி. ஒரு மொறைக்கு நூறு சால் ஒனக்கு, நூறு சால் எனக்கு. கடிகாரம் கெடையாது, கணக்குப்புள்ளை கெடையாது, பாட்டுதான் ரிஜிஸ்டர். நாங்க எறைக்கசொல்ல பெரியப்பா எதிர் வரப்புல குந்திக்கினு, வெத்தலை போட்டுக்கினு, பாட்டையே கேட்டுக்கினு இருப்பாரு. ரசிச்சுக் கேக்கறாருன்னு நெனச்சியா? ஒங்க காலேஜுல கூட அப்பிடி ஒரு பரீட்சை வெச்சிருக்க மாட்டாங்க.

ஆனா வெத்தலை போடறவன் எச்சி துப்பணும்ல. அதுக்கு முகத்தைத் திருப்பணும். நைனா இருவத்தஞ்சுலயே சுதியை மெதுவா ஏத்துவாரு, இருவத்தாறுல முருகனை இழுப்பாரு. பெரியப்பா திரும்பினாரோ இல்லியோ, இருவத்தேழு. சால் ஏறும், சாயும். மறுபடி இருவத்தேழு. இன்னொரு சால் ஏறும், சாயும். அப்பால இருவத்தெட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி. ஒரு சால் தண்ணி எங்க கழனிக்கு இலவசம். தெனம் தெனம் பாடி அது பாட்டோட ஒட்டிக்கிச்சு. எனக்குச் சொல்லிக் குடுக்கசொல்லவே ரெண்டு இருவத்தேழோடதான் சொல்லிக் குடுத்தாரு. கெணறு தூந்து எத்தினி வருசம் ஆச்சு, நேத்து ஒனக்குப் பாடசொல்லவும் நாக்கு தானாத் திருடுது பாரு.

இன்னா மூஞ்சி தொங்கிப் போச்சு? நட்சத்திரம் போச்சேன்னா? அட, பெரியப்பாவுக்கு அது தெரியாதுன்னா நெனச்சே? கொக்குன்னு நெனச்சியா அவரை? அவரு எறைக்கசொல்ல எங்க நைனா எதிர் வரப்புல குந்தியிருப்பாரு, அவருக்கு மூக்குப்பொடி. பொடி போட்டவன் தும்மணும், தும்மினா கண்ணு மூடும். பெரியப்பா ஊட்டுப் பாட்டுல அறுவத்திமூணு ரெண்டு தரம் வரும். அவரு பேரன் படாளம் கூட்ரோட்டுல கடை வெச்சிருக்கான், போவசொல்ல எறங்கிப் பதிவு பண்ணிக்க.

அதுக்கு நாயன்மாருங்கன்னு எழுதிக்க, தோதா இருக்கும். டீக்கு நீயே காசு குடுத்துடு.